பிடுங்கிய மெட்டு

பழைய பொருள்களிடத்திலே மனிதருக்கு இருவகையான மனம் உண்டு. "பழையதுதானே" என்று தூக்கி எறியும் மனம் ஒன்று. "பழையதாயிற்றே" என்று பெட்டியில் இட்டுப் பூட்டி, எவர் கையும் படாமல் வைத்திருக்கும் மனம் மற்றொன்று. முன்னதைக் கண்டித்து எழுதியவர் பலர். பின்னதைப் பற்றி எழுதுவோர் குறைவு. நான் நெடுங்காலம் இந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவனாய் இருந்தேன். அந்த மனம் எப்படி மாறிற்று என்பதையே இங்கு சொல்ல வருகிறேன். அதை மாற்றியது ஒரு நூலும் அன்று. ஒரு பெரியாரின் உபதேசமும் அன்று. கடல் கடந்த மலைநாடு ஒன்றிலே, ஒரு தச்சுப் பட்டறையிலே, என் கையினாலேயே நான் காயப்படுத்திய ஒரு வாத்தியம்.

முதலில் எங்கள் வீட்டு வீணையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். அது தஞ்சாவூரிலே செய்யப்பட்டது. என் பாட்டனார் என் தாயாருக்கு வாங்கிக் கொடுத்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணத்துச் சனங்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அந்தக் கூட்டத்திலே நாங்களும் நடந்தோம். அரிசியையும் உடுப்பையும் சுமந்தவர்களுக்கு வீணையைச் சுமக்க ஏது கை? எனக்கு அப்போது வயது பதினைந்து. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரையின் ஒரு பக்கம் இல்லை. வெயில் பட்டு, வீணையின் மெழுகு உருகி, மெட்டுகள் சரிந்தும் விழுந்தும் கிடந்தன. பாட்டனார் இடம்பெயர்ந்த ஊரிலேயே காலமாகிவிட்டார். அம்மா வீணையைத் துடைத்தார். விழுந்த மெட்டுகளைப் பொறுக்கி ஒரு தகரப் பேணியில் இட்டார். பழைய சேலை ஒன்றால் வீணையைச் சுற்றி அறையின் மூலையில் நிறுத்தினார். "உது அப்பிடியே கிடக்கட்டும், தம்பி. ஒருத்தரும் தொடவேண்டாம்" என்றார். இருபது ஆண்டுகளுக்குமேல் ஒருவரும் தொடவில்லை.

சங்கீதம் பயிலாத வாசகருக்காக ஒன்று கூறுகிறேன். வீணையின் தண்டியிலே குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகத் துண்டுகளையே மெட்டு என்கிறோம். தந்தியை எந்த மெட்டின்மேல் அழுத்துகிறோமோ, அதற்குரிய சுரம் பிறக்கும். வீணைக்கு மெட்டு இருபத்து நான்கு. கிற்றாருக்கும் மெட்டு உண்டு. வயலினுக்கு இல்லை, அங்கே சுரத்தின் இடத்தை விரலும் காதுமே தேடிக் கண்டுகொள்ளவேண்டும். இனி வரும் கதை இந்த மெட்டைப் பற்றியது.

2018ஆம் ஆண்டிலே மேற்படிப்பின் பொருட்டு ஓராண்டு அமெரிக்காவில் வாழும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் தங்கியது வட கரோலினா மாநிலத்தின் மேற்கெல்லையில், நீலமலைத் தொடரில் உள்ள பூன் என்னும் சிறு பட்டணம். கடல் மட்டத்திலிருந்து 3,333 அடி உயரம். நம் நுவரெலியாவின் உயரத்தில் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் மாரியிலே பனி கொட்டும். எனக்கு அறை வாடகைக்குத் தந்தவர் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர். தளபாடத் தொழிற்சாலையிலே தச்சராய் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்புறத்தில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. நான் பௌதிகம் கற்பிப்பவன் என்று அறிந்தது முதல் என்னை "ஆசிரியரே" என்றுதான் அழைப்பார். நான் அவரை "ஐயா" என்பேன். அதன் பொருளைக் கேட்டறிந்தபின், அந்தச் சொல் அவருக்குப் பிடித்துவிட்டது.

ஒரு நாள் மாலை அவர் கட்டிலின் கீழிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இழுத்து எடுத்தார். உள்ளே இருந்தது பாஞ்சோ. கஞ்சிராவைப் பெரிதாக்கி, அதற்குக் கிற்றாரின் கழுத்தைப் பூட்டியதுபோன்ற வாத்தியம். வட்டமான மரவளையம், அதன்மேல் கன்றுத்தோல், தோலை இழுத்துப் பிடிக்கச் சுற்றிலும் உலோகக் கொக்கிகள், நான்கு தந்திகள். "என் தகப்பனாருடையது. 1920களில் நடனக் குழுவொன்றிலே வாசித்தார். பிறகு குழு கலைந்தது. அவர் தொழிற்சாலைக்கு வந்தார். பெட்டியை மூடியவர், மூடியவர்தாம்" என்றார் பெரியவர்.

அது ரெனர் பாஞ்சோ என்னும் வகை. முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளிலும் அதற்குப் பின்னும் நடன மண்டபங்களிலே பெரிதும் வழங்கியது. ஒலிபெருக்கி பரவாத காலம். பித்தளை வாத்தியங்களின் முழக்கத்துக்கு நடுவிலும் கேட்கக்கூடிய தந்தி வாத்தியம் வேண்டியிருந்தது. தோலின்மேல் குதிரை நிற்பதால் பாஞ்சோவின் ஒலி கூர்மையாய்ப் பாய்ந்து செல்லும். சிறு சில்லொன்றினால் தந்திகளை ஒருங்கே வாரித் தாளத்தோடு வாசிப்பார்கள். 1930களிலே ஒலிவாங்கி பெருகிற்று. கிற்றார் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ரெனர் பாஞ்சோக்கள் ஆயிரக்கணக்கில் கட்டில்களின் கீழே சென்று படுத்தன.

பெரியவருக்கு ஒரு பேத்தி இருந்தாள். கல்லூரியிலே படித்துக்கொண்டிருந்தாள். மலைநாட்டுப் பழம்பாடல்களிலே பெருவிருப்பம். அந்தப் பாடல்களுக்கு வேண்டியது நான்கு தந்தி ரெனர் அன்று. ஐந்து தந்திப் பாஞ்சோ. அதிலும் மெட்டில்லாத பழைய வகையையே அவள் விரும்பினாள். புதிது வாங்கப் பணம் இல்லை. பாட்டனாரின் தகப்பனார் வாசித்த வாத்தியமோ ஊமையாய்க் கிடந்தது. "இதை மாற்றித் தர முடியுமா, தாத்தா?" என்று கேட்டுவிட்டாள். பெரியவருக்குத் தூக்கம் போயிற்று. பேத்தி வாசிக்கவேண்டும் என்னும் ஆசை ஒரு புறம். தகப்பனாரின் பொருளில் உளி வைப்பதா என்னும் அச்சம் மறுபுறம். கைகளில் நடுக்கம் தொடங்கியிருந்தது வேறு. இன்னும் ஓராண்டு தாமதித்தால் தம்மாலே இயலாது போகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த நாள்களில் நான் நூலகத்திலே பாஞ்சோவின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வியப்பே மிகுந்தது. அமெரிக்காவின் அடையாளம் என்று உலகம் எண்ணும் இந்த வாத்தியம் ஆபிரிக்காவின் பிள்ளை. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட மக்கள், சுரைக்குடுக்கையிலே தோலைப் போர்த்து, ஒரு கழியைச் செருகி, தங்கள் நினைவிலிருந்த வாத்தியங்களை மேற்கிந்தியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் மறுபடி செய்துகொண்டார்கள். 1687இல் யமேக்காவுக்குச் சென்ற வைத்தியர் ஹான்ஸ் சுலோன் அங்கு கண்ட இத்தகைய வாத்தியங்களின் படத்தை 1707இல் வெளிவந்த தம் நூலிலே சேர்த்திருக்கிறார். காம்பியா, செனகல் நாடுகளின் யோலா மக்களிடம் இன்றும் வழங்கும் அக்கொன்ரிங் என்னும் வாத்தியத்துக்கு மெட்டே இல்லை. மூன்று தந்திகளில் ஒன்று குட்டையானது. பெருவிரலினால் மட்டும் மீட்டப்படும் அந்தக் குட்டைத் தந்தியே பாஞ்சோவின் ஐந்தாந் தந்திக்கு உறவு. நம் வீணையின் பக்கத்தில் ஒலிக்கும் தாளத் தந்திகளைப்போல, அது ஒரே சுரத்தை இடையிடையே ஒலித்துக்கொண்டிருக்கும்.

வெள்ளையர் இதனை மேடைக்குக் கொண்டுவந்தது 1830களிலும் 1840களிலும். முகத்திலே கரியைப் பூசி, கறுத்த மக்களைக் கேலி செய்யும் ஆட்டங்களிலே அவர்களுடைய வாத்தியத்தையே வாசித்தார்கள். பாஞ்சோவின் வரலாற்றிலே அழியாத கறை அது. அக்காலத்தில் பால்ற்றிமோர் நகரத்து வில்லியம் பவுச்சர் போன்றோர் செய்த பாஞ்சோக்களுக்கும் மெட்டு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் மெட்டு வழக்கமாயிற்று. அதன்பின் நடனக் குழுக்களுக்காக ஐந்தாந் தந்தி நீக்கப்பட்டுக் கழுத்தும் குறுகி, ரெனர் பிறந்தது. மலைநாட்டார் மட்டும் பழைய வகையை விடவில்லை. பூன் பட்டணம் இருக்கும் அதே வட்டாரத்தில் வாழ்ந்த பிராங்க் புரொபிற் (1913–1965) என்னும் பாடகர், வீட்டிலே செய்த மெட்டில்லாப் பாஞ்சோவை வாசித்தே புகழ் பெற்றார்.

இதையெல்லாம் பெரியவரிடம் உற்சாகத்தோடு சொன்னேன். "ஐயா, நீங்கள் செய்யப்போவது மாற்றம் அன்று. பிற்காலத்தார் செய்த மாற்றத்தை நீக்குவதே" என்றேன். வாதம் நன்றாய்த்தான் இருந்தது. அவரும் தலையசைத்தார். வாதத்தில் வென்ற மகிழ்ச்சியில், ஒரு சனிக்கிழமை காலை, குறட்டை நானே கையில் எடுத்தேன்.

மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பள்ளங்களை மெல்லிய மரச்சீவலால் அடைத்து, கழுத்தின் ஓரத்தில் ஐந்தாந் தந்திக்கு ஒரு முறுக்காணியைப் பொருத்துவது எங்கள் திட்டம். கழுத்திலே பத்தொன்பது மெட்டுகள். கடைசி மெட்டிலிருந்து தொடங்கினேன். குறட்டை நுழைத்து நெம்பினேன். 'டக்' என்று ஓர் ஓசை. மெட்டு வந்தது, அதனோடு கருங்காலிப் பலகையிலிருந்து நகத்தளவு சிராயும் பெயர்ந்து வந்தது. தொண்ணூறு ஆண்டுகளாய் இறுகியிருந்த மெட்டு அது. பற்றாசுக் கோலினால் முதலிலே சூடேற்றி, பள்ளத்தின் பிடியைத் தளர்த்திய பின்னரே மெல்ல எடுக்கவேண்டும். அதைப் பிறகுதான் அறிந்தேன்.

பெரியவர் என்னை ஏசவில்லை. கீழே விழுந்த சிராயைக் குனிந்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. என் வாதத்தில் பிழை எங்கே என்று யோசித்தேன். பாஞ்சோ என்னும் இனத்தின் வரலாற்றை நான் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பெட்டியில் கிடந்தது பாஞ்சோ இனம் அன்று; ஒரு மனிதர் வாசித்த ஒரு பாஞ்சோ. அவருடைய விரல்கள் அந்த மெட்டுகளைத் தேய்த்திருந்தன. முதல் மூன்று மெட்டுகளிலும் தந்தி அழுந்திய தடங்கள் இருந்தன. இனத்துக்குப் பழமையை மீட்டுக் கொடுப்பதாகச் சொல்லி, அந்த ஒருவருடைய பழமையை அழிக்கப் புறப்பட்டிருந்தேன்.

மறுநாள் காலை பெரியவரே வந்து கதவைத் தட்டினார். பட்டறையிலே பாஞ்சோவின் கழுத்தும் குடமும் தனித்தனியே கிடந்தன. "இரவெல்லாம் பார்த்தேன், ஆசிரியரே. கழுத்தைக் குடத்தோடு ஒட்டியிருக்கவில்லை. குடத்தின் உள்ளே குறுக்காய்ப் போகும் இந்தத் தடியினால் பூட்டியிருக்கிறார்கள். கழற்றலாம், மறுபடியும் பூட்டலாம். பழைய கழுத்தை விட்டுவிடுவோம். புதுக் கழுத்து ஒன்று செய்வேன்" என்றார்.

நான் வெட்கத்தோடு அளவுகோலை எடுத்தேன். அளந்து பார்த்தபோது எங்கள் முதல் திட்டம் எப்படியும் தோற்றிருக்கும் என்பது தெரிந்தது. ரெனரின் கழுத்து ஐந்து தந்திகளுக்குப் போதிய அகலம் உடையது அன்று. நீளமும் போதாது. தந்தியின் ஒலிக்கும் நீளம், மேற்கட்டையிலிருந்து குதிரை வரை, அதிலே 23 அங்குலம். ஐந்து தந்தி வாத்தியத்துக்கு ஏறக்குறைய 26 அங்குலம் வேண்டும். குடத்தின் விளிம்பிலிருந்து குதிரை வரை 7.7 அங்குலம், அது மாறாது. ஆகவே புதுக் கழுத்து 18.3 அங்குலம் இருக்கவேண்டும். பழையதிலும் மூன்று அங்குலம் கூட. ஐந்தாந் தந்தியின் முறுக்காணி, மெட்டு இருந்தால் ஐந்தாவது மெட்டு எங்கே வருமோ, அங்கே நிற்கும். அந்த இடத்தில் தந்தியின் நீளம் முழு நீளத்தில் முக்காற் பங்கு. 26இன் காற் பங்கு ஆறரை. மேற்கட்டையிலிருந்து ஆறரை அங்குலத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். வகுப்பிலே கரும்பலகையில் பலமுறை எழுதிய கணக்குத்தான். ஆனால் அன்று அந்தப் புள்ளியை மூன்று தரம் அளந்தேன்.

காற்றில் விழுந்த வால்நட் மரமொன்றின் பலகை பட்டறையிலே பல ஆண்டுகளாய்க் காய்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கழுத்தை அறுத்தார். குடத்தின் வளைவுக்கு இசைய அடிப்பாகத்தைச் செதுக்குவதே கடினமான வேலை. கழுத்து இம்மியளவு முன்னே சாய்ந்தாலும் தந்திகள் எட்டாத உயரத்தில் நிற்கும். அளவுக்கு மீறிப் பின்னே சாய்ந்தால் தந்திகள் பலகையில் இடித்து இரையும். ஒரு சீவல் எடுப்பார், பொருத்திப் பார்ப்பார், கழற்றுவார், இன்னொரு சீவல் எடுப்பார். கை நடுங்கும்போது உளியை வைத்துவிட்டுக் காத்திருப்பார். நடுக்கம் நின்றபின் தொடர்வார். மூன்று வாரம் சென்றது. குடத்திலே புதிதாய் ஒரு துளைகூட இடவில்லை; பழைய தடி சென்ற வழியிலேயே புதுத் தடியும் சென்றது.

தோல் நைந்திருந்தது. புதுக் கன்றுத்தோலை நீரில் ஊறவைத்து, வளையத்தில் போர்த்து, ஆறவிட்டுக் காய்ந்தபின் கொக்கிகளைச் சிறிது சிறிதாய் முறுக்கினோம். மழை நாளிலே தோல் தளர்ந்து ஒலி மங்கும் என்றார். எங்கள் மிருதங்கமும் அப்படித்தான் என்றேன். உருக்குத் தந்திகளுக்குப் பதிலாக நைலோன் தந்திகளைப் பூட்டினோம்.

பேத்தி வந்தாள். பளபளவென்று வழவழப்பாய் இருந்த கழுத்தைத் தடவிப் பார்த்தாள். மெட்டில்லையே, இடம் தவறுமே என்று எண்ணி, மெட்டு வரவேண்டிய இடங்களிலே மெல்லிய கோடு வரைந்து தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், சார். கோடு போட்டால் நான் கண்ணால் வாசிக்கத் தொடங்கிவிடுவேன்" என்றாள். சுட்டுவிரல் நகத்தின் பின்புறத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்து, பெருவிரலால் ஐந்தாந் தந்தியை மீட்டினாள். அக்கொன்ரிங் வாசிப்போரின் கைமுறையும் இதுவே. முதலிலே சுரங்கள் தப்பின. அவள் முகம் சுளித்து, விரலை நகர்த்தி, இடத்தைத் தேடினாள். சிறிது நேரத்தில் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு விரல் வழுக்கிச் சென்றது. மேல்நாட்டு மெட்டுகளுக்குள் அடங்காத, இரண்டு சுரங்களுக்கு நடுவே நிற்கும் ஓர் ஒலி எழுந்தது. மலைநாட்டுப் பாடகர் குரலில் வரும் ஒலி அது. நம் கமகம் என் நினைவுக்கு வந்தது. நம்மவர் வீணையில் மெட்டை வைத்துக்கொண்டே, தந்தியை இழுத்து அதனைப் பெறுகிறோம். கோட்டுவாத்தியத்திலே மெட்டே இல்லாமல் பெறுகிறோம். இரு வழியும் நமக்கு உண்டு.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும், பழைய கழுத்தை எடுத்து என்முன் வைத்தார். நான் பெயர்த்த சிராய் இருந்த இடத்திலே பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் மெட்டும் தன் இடத்திலே இருந்தது. உற்றுப் பார்த்தால் மட்டும் மயிரிழைபோல ஒரு கோடு தெரியும். "இது பெட்டியிலே இருக்கட்டும். என்றைக்காவது ஒருவன் நடனப் பாட்டு வாசிக்க விரும்பினால், அரைமணி நேரத்தில் மறுபடி பூட்டிவிடலாம்" என்றார். பிறகு, "அந்தக் கோடு உம்முடையது, ஆசிரியரே" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலே எனக்கு மன்னிப்பும் இருந்தது, பாடமும் இருந்தது.

ஊருக்குத் திரும்பிய பின் சில மாதம் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் இந்தக் கதையை முழுவதும் சொன்னேன். நான் சிராயைப் பெயர்த்த இடம் வந்ததும், "ஐயோ, அந்த மனிசன் என்ன பாடுபட்டிருக்கும்" என்றார். கதை முடிந்தபின் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு தாமே எழுந்து சென்று, சேலையைப் பிரித்து, தகரப் பேணியை என் கையில் தந்தார். "இந்த மெட்டுகளையே வைக்கச் சொல்லு. புதுசு வேண்டாம்" என்றார்.

வீணைக்கு மேளம் கட்டத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்கச் சில காலம் ஆயிற்று. பேணியில் இருந்தவை இருபத்தொன்று, மூன்று குறைந்தன. அந்த மூன்றும் மட்டும் புதியவை. மெழுகை உருக்கி வார்த்து, ஒவ்வொரு மெட்டாய் நிறுத்தி, தந்தியை மீட்டிக் காதாலே இடம் பார்த்து அவர் பதித்தபோது, நான் அருகிலே கைகட்டி நின்றேன். ஒரு கருவியையும் தொடவில்லை.

அந்த வீணையிலே இன்று என் மகள் பயில்கிறாள். அம்மா பக்கத்திலே இருந்து பிழை திருத்துகிறார். பெரியவரிடமிருந்து வந்த கடிதத்திலே, பேத்தி மலையூர்களில் வாசித்து வருகிறாள் என்றும், மழை நாள்களில் தோல் தளர்வதாக முறையிடுகிறாள் என்றும் எழுதியிருந்தார்.

முன்னோர் பொருளைத் தொடாது வைத்திருப்பது மட்டுமே மரியாதை என்று இன்று நான் எண்ணுவதில்லை. ஊமையாய்க் கிடக்கும் வாத்தியம் முன்னோரை நினைவூட்டும். ஆனால் அவர்கள் எதற்காக அதை வாங்கினார்களோ, அதைச் செய்யாது. தொடலாம், மாற்றவும் செய்யலாம். ஆனால் தொடுகிறவன் திரும்பி வருவதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுத் தொடவேண்டும். அதற்கு வரலாற்று அறிவு மட்டும் போதாது. அந்தப் பொருளோடு வாழ்ந்தவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும். குறட்டைக் கையில் எடுக்கும் முன்னரே பார்ப்பது நன்று.